விழுவதற்குச் சம்பளம் வாங்கியவள்

என் அக்காவைப் போலத் தோற்கத் தெரிந்த ஆளை நான் பார்த்ததில்லை. குறையாகச் சொல்லவில்லை, அதுதான் அவள் வேலை. காலை ஒன்பது மணிக்கு ஒரு டி.வி.க்கு முன்னால் உட்காருவாள். மாலை ஐந்தரைக்குள் ஐம்பது தடவையாவது பள்ளத்தில் விழுவாள், முள்ளில் மாட்டுவாள், வண்டியில் அடிபடுவாள். மாதம் பிறந்தால் அதற்குச் சம்பளம். யாராவது வீட்டுக்கு வந்து "பெரியவ என்ன பண்றா?" என்று கேட்டால் அம்மா, "கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றா" என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விடுவாள். அம்மாவுக்கு அதை விளக்கத் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அங்கேதான் வேலை பார்த்தேன்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மாடியில் மூன்று அறைகள். படியேறியதும் முதல் அறையில் நானும் ஒரு தொலைபேசியும். நடு அறையில் அக்கா, இரண்டு டி.வி., ஒரு கம்ப்யூட்டர், அலமாரி நிறைய விளையாட்டு டிஸ்க்குகள். கடைசி அறையில் 'பூட்டு'. அது அவருடைய பட்டப்பெயர். மூடியிருக்கிற எதைக் கண்டாலும் திறந்து பார்க்காமல் அந்த மனுஷனுக்குச் சோறு இறங்காது. முதலாளிக்கு அறை கிடையாது. மூன்று அறைகளிலும் நடந்துகொண்டே இருப்பார். செருப்புச் சத்தத்தை வைத்து அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம்.

நாங்கள் செய்தது உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு டப்பா. டி.வி.யோடு இணைத்து விளையாடுகிற கேம் பெட்டி இருக்கிறதே, அதன் பழைய மாடல்களின் முதுகில் ஒரு துளை உண்டு. எதற்காகவோ கம்பெனி வைத்தது. பெட்டியைப் போட்டதும் அது முதலில் அந்தத் துளையைத்தான் பார்க்கும். அங்கே ஏதாவது செருகியிருந்தால் அது சொன்னபடி கேட்கும். எதுவும் இல்லையென்றால்தான் டிஸ்க்கை எடுத்து, இது நம் கம்பெனி அனுமதி கொடுத்த சரக்குதானா என்று சோதிக்கும். இதைக் கண்டுபிடிக்கப் பூட்டுக்கு எட்டு மாதம் பிடித்தது. நான்கு பெட்டிகளை வேறு கொன்றார்.

"வாட்ச்மேன் வாசல்ல நின்னு எல்லாரையும் சோதிக்கிறான். நாம பின்பக்கமா போய் வாட்ச்மேனுக்கே மேனேஜர் ஆயிட்டோம்," என்று பெருமையாகச் சொல்வார்.

பெட்டியைச் செய்த பெரிய கம்பெனி எங்களுக்கு அனுமதி கொடுக்கவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. "கேட்டா மாட்டேன்னு சொல்லுவாங்க. பாவம், அவங்களுக்கு எதுக்கு அந்தச் சிரமம்?" என்பார் முதலாளி. அவ்வளவு நல்ல மனசு.

டப்பாவைச் செருகிவிட்டால் ஆட்டத்தில் உயிர் குறையாது, குண்டு தீராது, நேரம் ஓடாது. எங்கள் அலுவலகத்தில் அதற்கு 'வரம்' என்று பெயர். பார்ப்பதற்கு எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு வரி, அவ்வளவுதான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அந்த வரியைத் தேடிப் பிடிப்பதுதான் அக்காவின் வேலை.

அதற்கு முன்னால் அவள் ஒரு சாக்ஸ் தொழிற்சாலையில் ஜோடி பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜையில் மலையாகக் கொட்டுவார்கள். நிறம் ஒன்றாக இருந்தாலும் ஒரு தையல் கூடக் குறைய இருப்பதைக் கண்ணால் பார்த்தே ஒதுக்க வேண்டும். தொழிற்சாலையை வேறு ஊருக்கு மாற்றியபோது அவளுக்கு வேலை போயிற்று. நான்தான் முதலாளியிடம் அழைத்துக்கொண்டு வந்தேன். அவருக்கு நம்பிக்கையே இல்லை. ஏற்கெனவே மூன்று பேரை வைத்துப் பார்த்துவிட்டார். மூவரும் ஆட்டத்தில் புலிகள். அதுதான் தொல்லை. விழச் சொன்னால் விழ மாட்டார்கள். கை தானாகத் தப்பித்துவிடும். இன்னும் ஒரு கட்டம், இன்னும் ஒரு கட்டம் என்று போய்க்கொண்டே இருப்பார்கள். சாயங்காலம் பார்த்தால் ஒரு வரமும் கிடைத்திருக்காது, ஆட்டம் மட்டும் பத்துக் கட்டம் தாண்டியிருக்கும்.

அக்காவின் கையில் ரிமோட்டைக் கொடுத்து ஆடச் சொன்னார். எட்டே நொடியில் செத்தாள். மறுபடி ஆடச் சொன்னார். அதே பள்ளத்தில் விழுந்தாள். ஒன்பதாவது தடவை விழுந்ததும் முதலாளி குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கு எரிச்சலா வரலையா?"

"எதுக்குங்க? பள்ளம் அங்கேயேதானே இருக்கு," என்றாள் அக்கா.

நாளைக்கே வந்துவிடச் சொன்னார்.

விழுவதில் என்ன வித்தை என்று நானும் முதலில் கேலி செய்தேன். பிறகு ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கேம் பெட்டிக்குள் நினைவு என்று ஒரு இடம் இருக்கிறது. இருபது லட்சம் சின்னச் சின்ன அறைகள் உள்ள அலமாரி என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் ஓர் எண். அதில் ஏதோ ஓர் அறையில்தான் நம் உயிர் எத்தனை மிச்சம் என்று எழுதியிருக்கிறது. எந்த அறை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அக்கா மூன்று உயிரோடு நின்றுகொண்டு, 3 என்று இருக்கிற எல்லா அறைகளையும் கம்ப்யூட்டரிடம் கேட்பாள். நாற்பதாயிரம் வரும். போய் ஒரு தடவை விழுவாள். அந்த நாற்பதாயிரத்தில் இப்போது 2 ஆக மாறியவை எவை? அறுநூறு. மறுபடி விழுவாள். 1 ஆனவை? பதினொன்று. அந்தப் பதினொன்றிலும் ஒவ்வொன்றாகக் கை வைத்துப் பார்ப்பாள். ஒன்றை மாற்றினால் வீரனின் தொப்பி பச்சையாகும். ஒன்றை மாற்றினால் மேகம் தலைகீழாக ஓடும். ஒன்றை மாற்றினால் உயிர் ஒன்பதாகும். அகப்பட்டது! அந்த அறையின் முகவரியை நோட்டில் எழுதிக்கொள்வாள். அதற்குப் பிறகு டப்பாவின் வேலை. நொடிக்கு அறுபது தடவை அந்த அறைக்குள் போய் 3, 3, 3 என்று எழுதிக்கொண்டே இருக்கும். அடி விழுந்து குறைந்தாலும் கண் மூடித் திறப்பதற்குள் நிரம்பிவிடும்.

நானாக இருந்தால் நாலாவது தடவையிலேயே ரிமோட்டை வீசியிருப்பேன். அவளோ சாக்ஸ் ஜோடி பார்ப்பது போலவே பார்த்தாள்.

அப்படியே இருநூறு ஆட்டங்களுக்கு மேல் வரம் பிடித்துவிட்டாள். இதில் ஒரு வேடிக்கை. எங்கள் மூன்று அறைகளிலும் ஒருவர்கூட ஓர் ஆட்டத்தையும் முடித்துப் பார்த்ததில்லை. அக்காவுக்கு விழ ஒரு பள்ளம் வேண்டும், அது முதல் கட்டத்திலேயே கிடைத்துவிடும். வரம் வேலை செய்கிறதா என்று ஐந்து நிமிஷம் பார்ப்பாள், டிஸ்க்கை மாற்றுவாள். இருநூறு வீட்டு வாசலைப் பார்த்துவிட்டு ஒரு வீட்டுக்குள்ளும் போகாத தபால்காரர் மாதிரி. இது தப்பு என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. அந்தத் தொலைபேசி அழைப்பு வரும்வரை.

"ஏம்மா, கறுப்பு டப்பா ஆபீஸா?"

"ஆமா சார், சொல்லுங்க."

"அந்த ஏழு தீவு ஆட்டத்துக்கு உயிர் குறையாத வரம் போட்டிருக்கேன். அஞ்சாவது தீவுக் கடைசில ஒரு பெரிய நண்டு வருது. நாலு நாளா அடிக்கிறேன். அதுவும் சாக மாட்டேங்குது, நானும் சாக மாட்டேங்கறேன்."

எல்லாப் புகாருக்கும் என்னிடம் ஒரே பதில்தான். "டப்பாவைக் கழட்டி மறுபடி செருகுங்க சார்." வைத்துவிட்டேன். மறுநாள் அதே குரல். "செருகிட்டேன்மா. இப்ப அஞ்சு நாள் ஆச்சு."

எனக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. "வேற வழி ஏதாவது இருக்கும், நல்லா தேடிப் பாருங்க சார். ஒரு நண்டுக்குப் போய் தினமும் போன் பண்ணினா எப்படி?"

அவர் கோபப்படவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது. "நான் கிரேன் ஓட்டிக்கிட்டு இருந்தவம்மா," என்றார். "ரெண்டு வருஷம் முன்னாடி வலது கை மணிக்கட்டோட போச்சு. இடது கையில திசையைப் பிடிச்சுக்குவேன். வலது பக்கத்துப் பொத்தானையெல்லாம் மிச்சக் கையால மொத்தமா அமுக்குவேன். அதான் வரம் இல்லாம நம்மால ஆகாது. கை போனதுக்கு அப்புறம் நான் எதையும் முழுசா முடிச்சதில்லம்மா. சட்டைக்குப் பாதிப் பட்டன் நான் போடுவேன், மீதியை வீட்டுக்காரிதான் முடிச்சு விடுவா. இது ஒண்ணையாவது நானே முடிச்சுப் பார்க்கலாம்னு நெனச்சேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "நாளைக்கு நானே கூப்பிடறேன் சார்," என்று எண்ணை எழுதிக்கொண்டு அக்காவிடம் போனேன்.

அக்கா ஏழு தீவு டிஸ்க்கைப் போட்டாள். தன் வரத்தைப் போட்டுக்கொண்டு முதல் தடவையாக முதல் தீவைத் தாண்டினாள். மறுநாள் மதியம் நண்டு வந்தது. அரை மணி நேரம் அடித்தாள். நிறுத்திவிட்டு அலமாரிக்குள் தேட ஆரம்பித்தாள். அடிக்குமுன் ஒரு பார்வை, அடித்தபின் ஒரு பார்வை. குறைகிற அறை எது? ஒன்றுமே குறையவில்லை.

"நண்டுக்கு உயிர்னு ஒரு அறையே வைக்கல," என்றாள் மெதுவாக.

"அப்புறம் எப்படிச் சாகும்?"

"சாகாது. இந்த இடத்துல நாமதான் தோக்கணும். அடி வாங்கி விழுந்தாத்தான் கதை மேல போகும் போல. நான் அவரை விழவிடாமப் பிடிச்சு வெச்சிருக்கேன்டி."

அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. ஆயிரக்கணக்கில் விழுந்தபோது வராத சோர்வு அப்போது வந்தது. வரம் பிடித்ததில் தப்பில்லை, ஆனால் அது எதில் போய் நிற்கும் என்று பார்க்காமல் அனுப்பியிருக்கிறாள்.

செருப்புச் சத்தம் நடு அறைக்கு வந்து நின்றது. விஷயத்தைச் சொன்னோம். முதலாளிக்குத் தலைக்கு மேல் வேலை. புது டப்பாவுக்கு நாற்பது ஆட்டங்களின் வரம் அடுத்த வாரத்துக்குள் போயாக வேண்டும். "ஒருத்தருக்காக வேலையை நிறுத்துவாங்களா? வரத்தை எடுத்துட்டு ஆடச் சொல்லு," என்றார்.

அங்கேதான் சிக்கல். வரம் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பெட்டியைப் போடும்போதே தீர்மானிக்க வேண்டும். நடுவில் நிறுத்த முடியாது. ஆட்டத்தைச் சேமிக்கிற குடிசையோ தீவின் தொடக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து நண்டு வரைக்கும் முக்கால் மணி நேரப் பாதை. ஒற்றைக் கையோடு, வரம் இல்லாமல் அவரால் அதைக் கடக்க முடியாது. அக்கா இதைச் சொல்லிப் பார்த்தாள். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், இந்த வரத்தோட எத்தனை டப்பா வெளியே போயிருக்கு?"

"மூவாயிரம் இருக்கும்."

"மூவாயிரம் பேரும் இதே நண்டுகிட்ட வந்து நிப்பாங்க. எல்லாரும் என் போனுக்குத்தான் வருவாங்க. நான் உங்க வீட்டு நம்பரைக் கொடுத்துடுவேன்."

நடந்துகொண்டிருந்த மனுஷன் நின்றுவிட்டார். "மதியச் சாப்பாட்டு நேரத்துல பண்ணிக்குங்க," என்றார்.

அக்கா முதலில் குறுக்குவழி தேடினாள். எந்தத் தீவில் இருக்கிறோம் என்பதும் ஓர் எண்தானே? அதைப் பிடித்து 6 என்று மாற்றினாள். ஆறாவது தீவு வந்தது. ஆனால் நண்டிடம் தோற்றவனுக்குத்தான் அங்கே படகு காத்திருக்கும் போல. ஆட்டத்தில் நாம் ஓட்டுகிற ஆளான எங்கள் மாலுமி இடுப்பளவுத் தண்ணீரில் நின்று திருதிருவென்று விழித்தான். கிழக்கே போனாலும் சுவர், மேற்கே போனாலும் சுவர். பூட்டு வந்து பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகுதான் அவளுக்கு அது தோன்றியது. பொத்தானை அமுக்கினால் அந்தச் செய்தியும் ஏதோ ஓர் அறையில் பதியும் அல்லவா? அமுக்கிப் பார்த்தாள், விட்டுப் பார்த்தாள், பத்து நிமிஷத்தில் அந்த அறை கிடைத்தது. பூட்டை அழைத்து, "அண்ணா, 'இந்தப் பொத்தான் அமுங்கியிருந்தா மட்டும் இதைச் செய்'னு சொன்னா டப்பாவுக்குப் புரியுமா?" என்று கேட்டாள்.

"புரியும். ஆனா ஏற்கெனவே ஓடற வரத்தை அதால நிறுத்த முடியாது."

"நிறுத்த வேணாம். அது பாட்டுக்கு நிரப்பட்டும். பொத்தானை அமுக்கினா, அதே அறையில அது எழுதின கையோட 1 எழுதிடச் சொல்றேன்."

பூட்டு ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "ஒரு கை ஊட்டும், இன்னொரு கை வாயில இருந்து பிடுங்கிக்கும். அப்படித்தானே?" என்றார்.

அப்படியேதான். பொத்தானைப் பிடித்திருக்கும் வரை உயிர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். நண்டு லேசாகத் தொட்டாலும் ஆள் காலி. பொத்தானை விட்டால் பழையபடி வரம்.

எந்தப் பொத்தான் என்பதில் அடுத்த தகராறு. நான் கிரேன்காரரைக் கூப்பிட்டு, வரம் பிடிக்கிற என் அக்கா கேட்கச் சொன்னாள் என்று சொல்லி, இடது கையில் எந்த விரல் சும்மா இருக்கிறது என்று கேட்டேன். "ஆள்காட்டி விரல் மேலே சும்மாத்தான் கெடக்கு," என்றார். அங்கே இருந்த பொத்தானை அமுக்கினால் வரைபடம் திறந்தது. திறந்ததும் ஆட்டம் அப்படியே நின்றது, நண்டும் நின்றது. அதற்குக் கீழே இன்னொரு பொத்தான், இந்த ஆட்டத்தில் எதற்கும் பயன்படாதது. விரல் அதற்கு எட்டுமா? அக்கா தன் வலது கையை மடக்கித் துண்டால் சுற்றிக் கட்டிக்கொண்டாள். அந்த மொட்டைக் கையால் வலது பக்கத்து நான்கு பொத்தான்களையும் ஒன்றாக அமுக்கிக்கொண்டு, குடிசையிலிருந்து நண்டு வரைக்கும் போவது என்று தீர்மானித்தாள்.

நான்கு மதியங்கள் பிடித்தன. மாலுமி குதிக்கும்போதெல்லாம் கத்தியையும் வீசினான், கதவைத் திறக்கச் சொன்னால் கதவை வெட்டினான். மெல்லிய பாலத்தில் ஏறினால் கீழே போய்ச் சேர்ந்தான். விழுந்தால் சாக மாட்டான், ஆனால் மறுபடி மேலே ஏறி வர வேண்டும். அக்கா பல்லைக் கடித்தாள். "ஏறுடா, ஏறித் தொலைடா" என்று திட்டினாள். அவள் திட்டி நான் கேட்டதில்லை. சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமலே இருக்கும். ஐந்தாவது தீவைக் கிரேன்காரர் ஏன் விட மனசில்லாமல் பிடித்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நாலாவது மதியம் நண்டு வந்தது. அக்கா விரலை நீட்டிக் கீழ்ப் பொத்தானைப் பிடித்தாள். நண்டு ஒரு கொடுக்கை ஓங்கியது. மாலுமி விழுந்தான். திரை கறுத்தது. பிறகு ஒரு சிறைக்கூடம், கம்பிக்கு வெளியே நிலா, கதை நகர்ந்தது.

"ஆச்சு!" என்று நான் கைதட்டினேன். அக்கா ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"என்னக்கா?"

"அவ்வளவு தூரம் போயிட்டு விழுந்தப்ப, அவன் எழுந்துட மாட்டானான்னு இருந்துச்சு," என்றாள். "தோக்கறதுன்னா இப்படித்தான் இருக்குமா? இத்தனை வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சு."

அன்றே, டப்பாவில் அவரே கையால் சேர்த்துக்கொள்வதற்காக, கிரேன்காரருக்கு அந்தப் புது வரியைத் தொலைபேசியில் படித்துச் சொன்னேன். இடது கையால் எழுதியதால் ஒவ்வொரு எழுத்துக்கும் நிறுத்தி நிறுத்தி, எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டினார். சாயங்காலம் மூட்டை கட்டும் நேரத்தில் தொலைபேசி அடித்தது.

"விழுந்துட்டேம்மா! செத்துட்டேன்!" என்று கத்தினார். பின்னால் ஒரு பெண் குரல், "வாயைக் கழுவுங்க" என்று அவரைத் திட்டியது.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவரிடமிருந்து பேச்சே இல்லை. நாற்பது ஆட்டங்களின் பட்டியலை முடித்து அனுப்பினோம். ஏழு தீவின் வரத்தோடு இரண்டாவது வரியும் போயிற்று. அக்கா ஒவ்வொரு நாளும் வீட்டுக்குக் கிளம்பும்போது சும்மா கேட்பது போல, "அவர் கூப்பிட்டாரா?" என்பாள். ஆறாவது தீவிலும் ஏதாவது நண்டு இருந்தால் என்ன செய்வது என்று அவளுக்குப் பயம். எனக்கும்தான்.

ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கூப்பிட்டார். "அக்காவைக் கூப்பிடும்மா, சீக்கிரம்."

அவள் ஓடி வந்தாள். ரிசீவரை இருவர் காதுக்கும் நடுவில் பிடித்தேன்.

"முடிச்சுட்டேம்மா," என்றார். "இப்பத்தான். கேளுங்க." ரிசீவரை டி.வி. பக்கம் திருப்பிவிட்டார்.

பாட்டு வந்தது. வார்த்தை இல்லாத, கடலில் படகு மெதுவாகப் போவது போன்ற இசை. பூட்டு ஸ்க்ரூ டிரைவரோடு வந்து நின்றார். செருப்புச் சத்தமும் வந்து நின்றது. ஓர் ஆட்டத்தின் முடிவில் என்ன பாட்டு வரும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஒரு ரிசீவரைச் சுற்றி நான்கு தலைகள். ஐந்து நிமிஷம் ஓடியது.

பாட்டு நின்றதும் அவர் மறுபடி பேசினார். "ஏம்மா, ஒரு சந்தேகம். படம் வரைஞ்சவங்க, பாட்டுப் போட்டவங்க, சரிபார்த்தவங்கன்னு எல்லார் பேரும் ஓடிச்சு. ஒண்ணு விடாமப் படிச்சேன். உங்க பேரு மட்டும் வரலையே?"

முதலாளி சுவரைப் பார்த்தார்.

"மறந்துட்டாங்க போல. அந்தக் கம்பெனிக்கு நான் ஒரு லெட்டர் போடட்டுமா? இடது கையில எழுதினாலும் புரியற மாதிரி எழுதிடுவேன்."

"ஐயோ, வேணாம் சார்!" என்று மூன்று பேர் ஒன்றாக அலறினோம். முதலாளி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா மட்டும் அலறவில்லை. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ரிசீவரை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். "எழுதாதீங்க சார். எங்க பேரு அதுல வராது. நாங்க கேக்காம உள்ள புகுந்தவங்க."

"ஓ, அப்படியா," என்றார் கிரேன்காரர். "அப்ப சரி, எழுதல. ஆனா என் வீட்டுக்காரிகிட்ட சொல்லிட்டேனே."

"என்னன்னு சொன்னீங்க?"

"நானும் இன்னொரு அம்மாவும் சேர்ந்து முடிச்சோம்னு."

"ஆமா சார், சேர்ந்துதான்," என்றாள் அக்கா.